கப்பல் ஏறுவதற்கு முன் ஓர் ஒத்திகை: பிச்சாவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை

சிங்கப்பூரில் இருக்கும் என் மகள், வரும் மே மாதத்துக்கு எங்கள் மூவருக்கும் ஒரு சொகுசுக் கப்பலில் இடம் பிடித்துவிட்டாள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு, நான்கு இரவுகள் கழித்துச் சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டும். மூவர் என்றால் நான், என் கணவர், என் பெரியக்கா. பெரியக்காவுக்கு 68 வயது ஆகிறது. கும்பகோணத்தில் காவிரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தும், ஆடிப்பெருக்கு அன்றுகூடப் படித்துறையில் மூன்றாம் படிக்குக் கீழே இறங்காதவர் அவர். என் கணவரோ, சிறு வயதில் ஆற்றை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் கடந்த கதையை ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருபவர்.

எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் சொகுசுக் கப்பல்களில் பதினொரு ஆண்டுகள் அறைப் பணியாளனாக வேலை பார்த்துவிட்டு, இப்போது திருமருகல் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெரியக்கா வர மறுப்பதைச் சொல்லி அவனிடம் யோசனை கேட்டபோது, நான்கு நாள் ஒத்திகை பார்க்கச் சொன்னான். டெல்டாவின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டும். பெரிய பெட்டியைக் காலையில் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினால் இரவு அறைக்கு வரும் வரை திறக்கக் கூடாது. பகல் முழுவதும் தோளில் மாட்டும் ஒரு சிறு பையோடு சமாளிக்க வேண்டும். இவைதாம் அவன் விதித்த நிபந்தனைகள். காரணத்தைக் கேட்டதற்கு, “போய்ப் பாருங்கக்கா, முதல் நாளே தெரிஞ்சிடும்” என்று மட்டும் சொன்னான்.

பிப்ரவரி 7, 2025, வெள்ளி: சிதம்பரம், பிச்சாவரம்

விடியற்காலையில் கும்பகோணத்திலிருந்து கிளம்பியபோது எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது ஆறு இருக்கும் இடத்தில் வெள்ளைத் துணியை விரித்தாற்போல் மூட்டம் மட்டுமே இருந்தது. சம்பா அறுவடை முடியும் தறுவாய் என்பதால், பல இடங்களில் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயவைத்திருந்தார்கள். எங்கள் ஓட்டுநர் அதன்மேல் சக்கரம் ஏறிவிடாதபடி ஒதுங்கி ஒதுங்கியே ஓட்டினார்.

வெள்ளிக்கிழமையாதலால் பெரியக்கா சைவம். சிதம்பரத்தில் மேல வீதிக்கு அருகே ஒரு சிறிய கடையில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். இரண்டு இட்லி 30 ரூபாய். கொத்சை மட்டும் கேட்கக் கேட்க ஊற்றினார்கள். சுட்ட கத்திரிக்காயின் மணமும் வறுத்து அரைத்த மல்லியின் காரமும் சேர்ந்த அந்தச் சுவை, வேறு ஊரில் இதே பெயரில் கிடைக்கும் எதற்கும் கிடையாது. பெரியக்கா மூன்று முறை கேட்டு வாங்கினார். நான்காம் முறை பரிமாறியவரே, கேட்காமல், சிரித்துக்கொண்டே ஊற்றிவிட்டுப் போனார்.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் அலையாத்திக் காடு. படகுத் துறையில் எங்களுக்கு முன் நின்ற இளைஞர் கூட்டம் ஒன்று லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, போட்டுக்கொள்ளாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தது. படகோட்டி ஒன்றும் பேசவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்து, ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். பெரியக்காவுக்கு முந்தானைக்கு மேல் வார் இறுகவில்லை என்று, பக்கத்துப் படகிலிருந்த ஒரு மீனவப் பெண் இறங்கிவந்து, முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு, வாரை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

இதை இரவு தொலைபேசியில் சொன்னபோது தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, 2012 ஜனவரியில் இத்தாலியக் கரைக்கு அருகே பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கான்கார்டியா கப்பலைப் பற்றிச் சொன்னான். அன்று 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பயணிகள் பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன் பிறகு சர்வதேச விதியைத் திருத்தி, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று ஆக்கினார்கள். அபாய அறிவிப்பு என்பது ஏழு குறுகிய ஒலி, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. அதைக் கேட்டால் அறை அட்டையில் குறித்திருக்கும் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். பயணிகள் பலர் அந்த நேரத்தில்தான் பெட்டியைப் பிரிப்பதும் சாப்பிடப் போவதுமாக இருப்பார்கள் என்றும், வராதவர்களை அறைக் கதவைத் தட்டித் தேடிய வேலை தனக்குத்தான் வாய்த்தது என்றும் அலுத்துக்கொண்டான்.

காட்டுக்குள் ஓடை குறுகி, இரு பக்கத்து வேர்களும் தலைக்கு மேல் கூடாரமாகக் கவிந்த இடத்தில் படகோட்டி துடுப்பை நிறுத்தினார். அப்படி ஓர் அமைதியை நான் கேட்டு வெகு காலம் ஆகிறது. ஒரு மரத்தைக் காட்டி அதைத் தொட வேண்டாம் என்றார் அவர். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும்.

கரையேறிய பிறகே தம்பி பெட்டிக்கு விதித்த நிபந்தனைக்குப் பொருள் விளங்கியது. என் கணவரின் இரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டிக்குள், பெட்டி டிக்கிக்குள், காரோ ஓட்டுநரோடு சாப்பாட்டுக் கடை தேடிப் பரங்கிப்பேட்டைப் பக்கம் போயிருந்தது. ஓட்டுநரின் கைப்பேசியில் சிக்னல் இல்லை. உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கப்பலிலும் இதே கதைதானாம். துறைமுகத்தில் பெட்டியை வாங்கிச் சீட்டு ஒட்டி எடுத்துப்போய்விடுவார்கள். அது அறை வாசலுக்கு வந்துசேர மாலையோ இரவோ ஆகிவிடும். மாத்திரை, மூக்குக் கண்ணாடி, பாஸ்போர்ட், பல்செட்டு வைத்துக்கொள்ளும் டப்பா, மாற்று உடை ஒன்று, இவ்வளவும் தோள் பையில் இருந்தால்தான் முதல் நாள் முதல் நாளாக இருக்கும். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, பயண நாள்களைவிட ஐந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொன்னான். கப்பலிலும் மருத்துவர் உண்டு. ஆனால் அவர் கட்டணத்தைக் கேட்டால் இரத்த அழுத்தம் தானே ஏறும் என்பது அவன் கணிப்பு. கப்பல் பயணத்தைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவக் காப்பீடு இல்லாமல் 60 வயதைக் கடந்தவர்கள் கிளம்பவே கூடாது என்று இரண்டு முறை சொன்னான்.

பிப்ரவரி 8, சனி: பூம்புகார், தரங்கம்பாடி

பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்கும் இடத்தைப் பெரியக்கா பார்த்தது இதுவே முதல் தடவை. கும்பகோணத்தில் பாலத்தின் மேல் நின்று பார்த்த ஆறு, இங்கே மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் அகலத்தில் கடலுக்குள் போய்ச் சேருவதைக் கண்டு அவருக்கு வருத்தம். “இவ்வளவுதானா?” என்று இரண்டு முறை கேட்டார். வெயில் ஏறிவிட்டதால் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

தரங்கம்பாடி எனக்குப் பிடித்த ஊர். தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை, இன்னும் கடலைப் பார்த்தபடி மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். இந்தக் கடற்கரையில்தான் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினார். கோபன்ஹேகனில் அவர் கப்பலேறியது 1705 நவம்பரில். ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் கிடந்து வந்த மனிதர் இங்கே தமிழ் கற்று அச்சகமும் வைத்தார் என்பதைப் பெரியக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். நான்கு இரவுக்குப் பயப்படுகிறவர் வெட்கப்படட்டும் என்பது என் எண்ணம். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. “அவருக்கு வேலை இருந்தது, வந்தார். எனக்கு என்ன வேலை இருக்கிறது?” என்றார்.

மதியம் மீன் சாப்பாடு ஆளுக்கு 150 ரூபாய். வஞ்சிரம் வறுவல் தனிக் கணக்கு. அதை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளாதது எங்கள் தவறு; மீனின் விலை சாப்பாட்டின் விலையைத் தாண்டிவிட்டது. கப்பலிலும் இப்படி ஒரு தனிக் கணக்கு உண்டு என்று மகள் எழுதியிருந்தாள். பொதுவான உணவுக்கூடங்களில் சாப்பிடுவது கட்டணத்தில் அடங்கிவிடும். மதுவகை, குளிர்பானம், சிறப்பு உணவகம், இணையம் ஆகியவை பெரும்பாலும் தனி. ஆளுக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் கணக்கில் ஏறிக்கொண்டே வரும். ஒவ்வொன்றுக்கும் அறை அட்டையை நீட்டுவதால் பணம் கையை விட்டுப் போவதே தெரியாது. கடைசி நாள் காலையில்தான் மொத்தமாகத் தெரியும்.

இன்றைய சச்சரவு கடிகாரத்தால் வந்தது. மாலை நான்கு மணிக்குக் கார் அருகே கூடுவது என்று பேசியிருந்தோம். நானும் அக்காவும் நான்குக்கு வந்து நின்றோம். என் கணவர் நான்கு பத்துக்கு வந்தார். அவருடைய கைக்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுவது. ரயிலைத் தவறவிடாதிருக்க அவர் நாற்பது ஆண்டுகளாகச் செய்துவரும் ஏற்பாடு. அது முந்தி ஓடுவது அவருக்குத் தெரியும் என்பதால் மனத்துக்குள் கழித்துக்கொள்வார். இன்று ஒரு முறை கழித்ததை மறந்து இன்னொரு முறையும் கழித்துவிட்டார். கோட்டைச் சுவரோரம் உப்புக்காற்றில் நின்றுகொண்டு கணித ஆசிரியர் ஒருவர் கழித்தல் கணக்குக்கு விளக்கம் சொல்வதைக் கேட்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 9, ஞாயிறு: நாகப்பட்டினம், நாகூர், திருமருகல்

காலையில் தம்பி பைக்கில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். நேற்றைய கடிகாரச் சண்டையைக் கேட்டதும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், அவன் சிரிக்கவில்லை. புக்கெட்டின் நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. பல கப்பல்கள் வழியில் தம் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கரையில் இறங்கியதும் கைப்பேசி மட்டும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொள்ளும். ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கப்பலில் சொன்னால், கைப்பேசியில் ஐந்து ஆகும்போது கப்பலில் ஆறு ஆகியிருக்கும். அப்போது கரையில் நின்று கைகாட்டத்தான் முடியும். தானே வண்டி பிடித்துச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் பொதுவாகக் காத்திருப்பார்கள். விட்டுப் போனால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். ஆகவே கப்பல் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரம் ஒன்றைக் கழற்றாமல் கட்டிக்கொள்ளச் சொன்னான். அது சரியாக ஓடும் கடிகாரமாக இருக்க வேண்டும் என்று அத்தானைப் பார்த்து, மரியாதையோடுதான், சொன்னான்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பல் எதுவும் இல்லை. 2023 அக்டோபர் 14 அன்று இங்கிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி ஓடியது. வடகிழக்குப் பருவமழைக்காக நிறுத்தியது நாங்கள் போன அன்று இன்னும் தொடங்கியிருக்கவில்லை. கிட்டத்தட்ட 60 கடல் மைல் தூரம். வங்கக் கடல் சம்மதித்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அக்கரை. கடல் சம்மதிக்காத நாளில் யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. பெரிய கப்பலும் காற்று மிகுந்தால் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும் என்றும், அதைப் பயணச் சீட்டின் விதிகளிலேயே எழுதியிருப்பார்கள் என்றும் தம்பி சொன்னான். பினாங்கு பார்க்கத்தான் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்கள் விமானத்தில் போவதே நல்லது.

துறைமுகத்தருகே தேநீர் 12 ரூபாய். கடையில் எண்பது வயதுக்கு மேலிருக்கும் பெரியவர் ஒருவர், நாங்கள் பினாங்கு என்று பேசியதைக் கேட்டுத் தாமாகவே பேச்சில் கலந்துகொண்டார். அவருடைய தகப்பனார் ‘ரஜூலா’வில் போனவராம். டெல்டாவில் அந்தப் பெயரைக் கேட்காமல் வளர்ந்த வீடு குறைவு. 1926-இல் கட்டிய அந்தக் கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆட்களையும் வெங்காய மூட்டைகளையும் ஏற்றிச் சென்றது. அதன் பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. எங்கள் பெரியப்பாவும் ரஜூலாவில்தான் பினாங்குக்குப் போனார். மேல்தளத்தில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போனதாகச் சொல்லியிருக்கிறார்.

நாகப்பட்டினத்தில் அந்தக் காலத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது என்பதுதான் பெரியவர் சொன்னதில் முக்கியமானது. கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் ஏறி, அலையில் தூக்கிப்போடத் தூக்கிப்போடப் போய், பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். படகு மேலே எழும் கணத்தில் ஏணிப் படியில் காலை வைக்காவிட்டால் அடுத்த அலை வரை காத்திருக்க வேண்டும் என்று, தம் கைத்தடியை ஏணியாகப் பிடித்துக் காட்டினார். பெரியக்கா முகம் வெளிறிப்போய்த் தம்பியைப் பார்த்தார். பினாங்கில் அப்படி இல்லை, கப்பல் துறையிலேயே கட்டி நிற்கும், நடந்தே ஊருக்குள் போகலாம் என்று அவன் தைரியம் சொன்னான். புக்கெட்டில் மட்டும் பெரும்பாலும் கடலில் நங்கூரமிட்டுப் படகில்தான் கரைக்கு விடுவார்கள். ஏணி கிடையாது, கப்பலின் கீழ்த் தளத்துக் கதவிலிருந்து நேரே படகுக்குள் கால் வைக்கலாம், இருபுறமும் ஆள் நின்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் கூட்டத்தோடு முண்டியடிக்காமல் காலை பத்து மணிக்கு மேல் போய், திரும்பும்போது கடைசிப் படகுக்கு இரண்டு படகு முன்னதாக வந்துவிட வேண்டும். கிளம்பும்போது நாங்கள் தேநீருக்குக் கொடுத்த பணத்தைக் கடைக்காரர் வாங்கவில்லை. பெரியவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார்.

நாகூரில் இறால் பதித்த வாடா சூடாக வாங்கினோம், ஒன்று 15 ரூபாய். எண்ணெய்க் கையோடு தர்கா வாசலில் நின்றபோது ஒரு சிறுவன் தண்ணீர்ச் செம்பை நீட்டினான். தம்பி தன் பையிலிருந்து ஒரு துண்டு சோப்பை எடுத்துக் கழுவினான். கப்பலில் பழகிய பழக்கமாம். நோரோ வைரஸ் என்று ஒன்று, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக, ஒருவருக்கு வந்தால் தளம் முழுவதும் பரவிவிடும். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதற்கு அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும்தான் பலிக்கும்.

மதியச் சாப்பாடு திருமருகலில் தம்பி வீட்டில். கொடுவா மீன் குழம்பு, இறால் தொக்கு, வெள்ளைப் பூசணிக் கூட்டு. தம்பி மனைவி இலையை விட்டு எழவே விடவில்லை. வழிக்குப் புளியோதரையும் கட்டித்தர முனைந்ததைப் பார்த்துப் பெரியக்கா, சிங்கப்பூருக்கும் இப்படியே எடுத்துப் போகலாம் என்றார். முடியாது. சமைத்த உணவைப் பொதுவாகக் கப்பலுக்குள் விடமாட்டார்கள். கப்பலிலிருந்து பழத்தைக்கூடக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. சைவம் வேண்டுமென்றால் கப்பலேறிய பிறகு கேட்பதற்குப் பதிலாகப் பல வாரங்களுக்கு முன்பே பதிவில் குறிப்பிடச் சொல்ல வேண்டும். தண்ணீர் சூடாக்கும் கம்பிச்சுருள், இஸ்திரிப் பெட்டி, சாம்பிராணி, அகல் எல்லாம் ஏறும் இடத்திலேயே பிடுங்கிவைக்கப்படும். கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் கிடையாது. அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் நான்கு காந்தக் கொக்கி வாங்கிப் போனால் ஈரத் துண்டு காயப்போட உதவும் என்று ஒன்றைச் சொன்னான். இந்த நான்கு நாளில் என் கணவர் தாமாகவே குறித்துக்கொண்டது அது ஒன்றுதான்.

சாப்பிட்டுச் சற்றுச் சாய்ந்திருந்த வேளையில், தம்பி பாஸ்போர்ட்டுகளைக் காட்டச் சொன்னான். என்னுடையது சரி. பெரியக்காவுடையது புதியது. என் கணவருடையதைப் புரட்டியவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான். அது வரும் அக்டோபரில் முடிகிறது. பயணம் மே மாதத்தில். அப்போது ஆறு மாதம்கூட மிச்சம் இருக்காது. ஆறு மாதம் இல்லாத பாஸ்போர்ட்டோடு போனால் கப்பலேறும் பலகையைத் தாண்டவே விடமாட்டார்கள். அக்டோபருக்குத்தான் இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்று என் கணவர் வாதாடினார். இன்றிலிருந்து எண்ணக் கூடாது, பயண நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று தம்பி பொறுமையாகச் சொல்ல, கழித்தல் கணக்கு இரண்டாம் முறையாக அவர் காலை வாரியது.

புதுப்பித்தால் எண் மாறும். எண் மாறினால் கப்பல் பதிவில் மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் விசாவுக்கே போட முடியும். விசாவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால், இறங்கும்போது நாம் இரண்டாம் முறையாக அந்த நாட்டுக்குள் நுழைகிறோம். ஒரே முறை நுழையும் விசாவோடு போனவர்களுக்குக் கடைசி நாள் காலை கசப்பாக முடியும். பலமுறை நுழையும் விசாவா என்று வாங்கியவுடன் படித்துப் பார்க்க வேண்டும். மகள் இதையெல்லாம் பார்த்திருப்பாள் என்றுதான் நாங்கள் இருந்தோம். அவளோ அப்பா பார்த்திருப்பார் என்று இருந்திருக்கிறாள்.

பிப்ரவரி 10, திங்கள்: முத்துப்பேட்டை, கும்பகோணம்

ஒத்திகையின் கடைசி நாளை முத்துப்பேட்டைக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜாம்புவானோடையில் படகேறினால் முதலில் ஆறு. ஆறு முடிந்ததும் காயல். பிச்சாவரத்தில் காடு காற்றைத் தடுத்துவிடும். இங்கே காயல் கடலைப் போலத் திறந்து கிடப்பதால் காற்றடித்தால் படகு ஆடும். பெரியக்காவின் வயிறு தாங்குமா என்பதை இங்கேதான் பார்க்க முடியும் என்பது தம்பியின் கணக்கு.

பெரியக்கா அதற்காக மூன்று நாளாகத் தயாராகிக்கொண்டிருந்தார். காலையில் இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டார். சுக்குத் தண்ணீர் குடித்தார். காய்ந்த நார்த்தங்காய்த் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். தம்பி சொன்னபடி படகின் நடுவில், முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து, தூரத்தில் வானமும் தண்ணீரும் சேரும் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் கணவரோ வெறும் வயிற்றில் காப்பி மட்டும் குடித்துவிட்டு, படகின் முனையில் போய் உட்கார்ந்து, குனிந்து கைப்பேசியில் படம் எடுப்பதும் எடுத்ததை மகளுக்கு அனுப்புவதுமாக இருந்தார்.

ஆற்றில் ஒன்றும் ஆகவில்லை. கரையோரம் கொக்கும் நாரையும் நின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் மொட்டையடித்த மரங்கள் சில இன்னும் சாம்பல் நிறத்தில் எலும்பாக நின்றன. அவற்றின் காலடியில் புதுக் கன்றுகள். காயல் திறந்ததும் கிழக்குக் காற்று பக்கவாட்டில் பிடித்தது. பத்து நிமிடம் கழித்து என் கணவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தார். அவர் தாமாக அதை வைத்ததைக் கண்டதுமே எனக்குச் சந்தேகம் வந்தது. முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, அடுத்த கணம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். காவிரியை நீந்திக் கடந்தவரின் காப்பி காயலோடு போயிற்று.

படகோட்டி விசையைக் குறைத்து, படகின் முனையைக் காற்றுக்கு நேராகத் திருப்பினார். ஆட்டம் பாதி அடங்கியது. இளநீர் ஒன்றை வெட்டிக் கொடுத்து, “சார், கீழ பாக்காதீங்க, தூரமாப் பாருங்க” என்றார். பெரியக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் நார்த்தங்காய் டப்பாவை நீட்டினார். அவர் பேசாமலிருந்ததுதான் என் கணவருக்கு அதிக வேதனை என்று நினைக்கிறேன்.

கரையில் மர நிழலில் படுத்திருந்தவருக்குத் தம்பி சொன்னவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். தலைசுற்றலுக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் பயன் குறைவு. கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும். மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று தம் மருத்துவரிடம் கேட்காமல் வயதானவர்கள் போடக் கூடாது. பெரிய கப்பல் இந்தப் படகைப் போல ஆடாது, மே மாதத்தில் அந்தக் கடலும் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். ஆனாலும் ஆடும் நாளில் முன்கோடி, பின்கோடி, உச்சித் தளம் ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஊஞ்சல் பலகையின் நுனியில் உட்காருவதற்கும் நடுவில் உட்காருவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. பால்கனி வேண்டும், மேல் தளம் வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுத்து ஆட்டத்தை விலைக்கு வாங்குகிறவர்களைத் தான் ஒவ்வொரு பயணத்திலும் பார்த்ததாகச் சொன்னான். அவர்கள் அறையைத் துடைத்தவன் அவன். எட்டு மாத ஒப்பந்தத்தில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லாமல் துடைத்தவன் என்பதால், அதைச் சொல்லும்போது அவன் குரலில் நகைச்சுவை மட்டும் இருக்கவில்லை. கடைசி நாளில் அறைப் பணியாளரின் கையில் தனியாக ஏதேனும் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று நான் அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

மன்னார்குடி வழியாகத் திரும்பினோம். நாளை தைப்பூசம் என்பதால் வழியில் பால்குடக் கூட்டங்களும் ஒலிபெருக்கியுமாக இருந்தது. கும்பகோணம் வந்துசேர இரவு எட்டரை ஆகிவிட்டது. என் கணவர் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா மையத்தில் எந்த நாள் கிடைக்கும் என்று கணினியில் தேடிக்கொண்டிருக்கிறார். பெரியக்கா என் கைப்பேசியை வாங்கி மகளை அழைத்தார். தாம் வருவதாகவோ வரவில்லை என்றோ ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அறை கப்பலில் எந்தத் தளத்தில், முன்னாலா பின்னாலா என்று கேட்டார். பதினோராம் தளம், முன்பக்கம், பால்கனியோடு என்று மகள் பெருமையாகச் சொன்னது எனக்கே கேட்டது.

“அதெல்லாம் வேண்டாம்டா கண்ணு, உங்கப்பாவுக்கு ஒத்துக்காது. கீழ, நடுவுல பாத்து மாத்திக் குடு” என்றார் பெரியக்கா.